பத்து நாள் பள்ளிக்கு வராத பிள்ளை: மாணவர் மையக் கல்வி என்றால் என்ன, அதைப் பள்ளிக்குள் கொண்டுவருவது யார்?

மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டப் போனபோது இவளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தல் தொடங்கியிருந்தது. பத்து நாள் கழித்து வந்தால் பெருக்கல் நடக்கிறது. "பக்கத்துல இருக்கிற புள்ள நோட்டப் பாத்து எழுதிக்கம்மா" என்கிறார் டீச்சர். அவளும் எழுதிவிடுகிறாள். நோட்டு நிரம்புகிறது, சிவப்பு மையில் டிக் விழுகிறது. கழித்தல் மட்டும் வரவில்லை. அவள் ஐந்தாம் வகுப்புக்குப் போவதற்குள், "இதுக்குக் கணக்கு ஏறாது" என்று வீட்டிலும் பள்ளியிலும் முடிவு கட்டிவிடுவார்கள்.

டீச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த மாதத்தில் எந்தப் பாடம் என்று மேலிருந்து தாள் வந்திருக்கிறது. அந்தத் தாளோடு ஓடுவதா, இந்த ஒருத்திக்காக நிற்பதா? பெரும்பாலான வகுப்புகள் தாளோடு ஓடுகின்றன.

மாணவர் மையக் கல்வி என்பது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. பெயர் பெரியதாக இருப்பதால் பலர் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பிள்ளைகள் இஷ்டத்துக்கு இருக்கலாம், ஆசிரியர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஆட்டம் பாட்டம் நடந்தால் போதும் என்பதும் இல்லை. இன்றைய பாடம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை எது முடிவு செய்கிறது என்று பாருங்கள். நாள்காட்டி முடிவு செய்தால் அது பாடத்திட்ட மையம். அந்தப் பிள்ளைக்கு இதுவரை என்ன வந்திருக்கிறது என்பது முடிவு செய்தால் மாணவர் மையம்.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு சொல்லும் வரும்: முழுமைக் கல்வி, அதாவது பிள்ளையை முழுசாகப் பார்ப்பது. பசியோடு வந்திருக்கிறதா, கரும்பலகை எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா, வீட்டில் பேசுவது தமிழா தெலுங்கா, வகுப்பில் அதற்கு ஒரு சிநேகிதமாவது உண்டா, எழுந்து நின்று கேள்வி கேட்கப் பயமில்லையா? இவையெல்லாம் படிப்புக்கு வெளியே இருப்பவை அல்ல, படிப்பே இவற்றின் மேல்தான் நிற்கிறது என்பதுதான் அந்தப் பார்வை. இதில் தமிழ்நாட்டுக்கு யாரும் புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1920-இல் ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் போட்ட சோறு, 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவு எல்லாமே அந்த வரிசைதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சோறு பள்ளிக்குள் நுழைந்த வேகத்தில், வகுப்பறைக்குள் பாடம் நடக்கும் விதம் மாறவில்லை.

அது ஏன் அவ்வளவு கடினம் என்று புரிந்தால்தான், இதற்கென்று தனி நிறுவனங்கள் எதற்கு என்பதும் புரியும்.

நல்ல ஆசிரியர் ஒருவர் தனியாகவே தன் வகுப்பை மாற்றிவிட முடியும். அப்படிப்பட்டவர்கள் ஒவ்வொரு ஒன்றியத்திலும் நாலு பேராவது இருப்பார்கள். அவருக்கு மாறுதல் வந்ததும் அந்த வகுப்பு பழையபடி ஆகிவிடும். ஒரு பள்ளியே மாறி, மாறியது நிலைக்க வேண்டுமென்றால் வேறு சில வேண்டும். முப்பது பிள்ளைகள் முப்பது இடத்தில் இருந்தாலும் எல்லாருக்கும் கையில் வேலை கொடுக்கும் பொருள்கள் வேண்டும். இது நடக்கும் வகுப்பை ஆசிரியர் ஒருமுறையாவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். பயிற்சி முடிந்து ஊருக்குப் போனபின் சிக்கல் வரும்போது வந்து பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். "ஏன் இன்னும் மூணாம் பாடத்துலயே இருக்கீங்க?" என்று கேட்கும் அதிகாரிக்கு மேலிருந்து யாராவது விளக்கியிருக்கவும் வேண்டும். பள்ளிகளுக்கு உதவும் நிறுவனங்களின் வேலை பெரும்பாலும் இவைதான்.

நம் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி தொடங்கிய ரிஷிவேலி பள்ளி இருக்கிறது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. அதைச் சுற்றி இருப்பவை வறண்ட, சின்னச் சின்னக் கிராமங்கள். அந்தக் கிராமங்களுக்காக ரிஷிவேலியின் கல்வி வள மையம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. இங்கே டேவிட் ஹார்ஸ்பரோ என்ற ஆங்கிலேயரையும் சொல்ல வேண்டும். ரிஷிவேலியில் பணியாற்றியவர், 1972-இல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் நீல்பாக் என்ற சின்னப் பள்ளியைத் தொடங்கினார். அங்கே வயது வாரியாகப் பிரித்த வகுப்பும் கிடையாது, தேர்வும் கிடையாது. தென்னிந்தியாவில் இந்த வகைப் பள்ளிகளின் வம்சாவளியைத் தேடிப் போனால் அவர் பெயரில் போய் முட்டிக்கொள்வோம்.

ரிஷிவேலிக் கிராமப் பள்ளிகளில் பிரச்சினை கண்முன்னே இருந்தது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஒன்றாம் வகுப்புக்குச் சொல்லிக்கொடுக்கும்போது மற்ற நாலு வகுப்பும் சும்மா உட்கார்ந்திருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் பாதிப் பிள்ளைகள் வராது. பாடப்புத்தகம் இந்த அறைக்காக எழுதப்பட்டதல்ல. அது எல்லாரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைத் திறப்பார்கள் என்று நினைத்து எழுதப்பட்டது. அந்த மையத்தை நடத்திய பத்மநாப ராவும் ரமாவும் பாடப்புத்தகத்தைப் பிரித்துச் சின்னச் சின்ன அட்டைகளாக ஆக்கினார்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரே ஒரு வேலை. அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணி வரைந்தார்கள். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பது ஏணியைப் பார்த்தாலே தெரியும், பிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்குத் தேவையானதெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கியதால் 'பெட்டிக்குள் பள்ளி' என்ற அர்த்தத்தில் அதற்குப் பெயர் வந்தது.

அட்டை மட்டும் அல்ல. அந்தப் பள்ளிகளில் மரம் நட்டார்கள், அம்மாக்கள் வந்து கதை சொன்னார்கள். 'மெட்ரிக் மேளா' என்று ஒன்று நடக்கும். பிள்ளைகள் கடை போடுவார்கள், ஊர்க்காரர்கள் வாங்க வருவார்கள். பெரியவர்களின் உயரத்தையும் எடையையும் பிள்ளைகளே அளந்து சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாத்தா, காய்கறியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடையைச் சொல்லி, தராசு வைத்திருக்கும் பேரனைத் தோற்கடித்துவிடலாம். கணக்கு என்பது புத்தகத்துக்குள் இருக்கும் சமாசாரம் இல்லை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏணிதான் தமிழ்நாட்டுக்கு வந்தது. எம்.பி. விஜயகுமார் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி முன்பு வட ஆற்காட்டில் ஆட்சியராக இருந்தபோது, பீடி சுற்றும் கொத்தடிமைப் பிள்ளைகளை மீட்கும் வேலையில் இருந்தவர். மீட்ட பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் பிரச்சினை தொடங்கும். பத்து வயதுப் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்க முடியாது, ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் ஒன்றும் புரியாது. அவர் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் இந்த ஏணி முறை 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் தொடங்கியது. மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளை அவர்களே தயாரித்தார்கள். பிறகு அவர் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலப் பொறுப்புக்கு வந்தார். 2007-08-இல் மாநிலம் முழுக்க சுமார் 37,000 அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 4 வரையிலான வகுப்புகளுக்கு அது போய்ச் சேர்ந்தது. யுனிசெஃப் துணை நின்றது.

அந்தக் காலத்தில் நான் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருந்தேன். அதனால் அந்த வகுப்பறையைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்ட முடியும்.

பெஞ்சு கிடையாது, பாய்தான். சுவரில் பிள்ளையின் உயரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து, ஆளுக்கு ஒரு கட்டம் பிரித்துப் பெயர் எழுதியிருக்கும். அது அந்தப் பிள்ளையின் சொந்தக் கரும்பலகை. தலைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி. கம்பிப் பந்தல் என்போம். வரைந்த படம், எழுதிய கதை எல்லாம் அதில் தொங்கும். காலையில் வந்ததும் வருகையைப் பிள்ளையே பதிவு செய்யும். நகம் வெட்டியாச்சா, குளிச்சாச்சா, பல் தேய்ச்சாச்சா என்று ஆரோக்கியச் சக்கரத்தைப் பார்த்துச் சரிபார்க்கும். காலநிலை அட்டவணையில் இன்று வெயிலா மேகமா என்று குறிக்கும்.

பிறகு ஏணி. தன் படியில் என்ன படம் இருக்கிறது என்று பார்க்கும். முயல் என்று வைத்துக்கொள்வோம். முயல் படம் போட்ட தட்டிலிருந்து தன் எண்ணுள்ள அட்டையை எடுக்கும். முயல் எந்தக் குழு என்று குழு அட்டையில் இருக்கும், அங்கே போய் உட்காரும். ஆசிரியரின் முழுத் துணையோடு கற்கும் குழு, பாதித் துணையோடு கற்கும் குழு, கூடப் படிக்கும் பிள்ளையின் துணையோடு கற்கும் குழுக்கள், தானாகக் கற்கும் குழு, மதிப்பீட்டுக் குழு என்று மொத்தம் ஆறு. புதிதாக ஒன்றைத் தொடங்குபவர்கள் மட்டும் ஆசிரியரைச் சுற்றி இருப்பார்கள். முப்பது பேரில் ஆறேழு பேர்தான். அந்த ஆறேழு பேரின் முகத்தை அவரால் பார்க்க முடியும். ஒரு மைல்கல், அதாவது ஏணியில் ஒரு பாடக்கூறுக்கான படிகள், முடிந்ததும் மதிப்பீட்டு அட்டை. வரவில்லையென்றால் குறைதீர் அட்டைக்குப் போய்விட்டு மறுபடி வரலாம். தேர்வு என்று தனி நாள் குறித்துப் பயமுறுத்துவது இல்லை.

நம் கரும்புத் தோட்டத்துப் பிள்ளை பத்து நாள் கழித்து வந்தால்? விட்ட படியில் நின்று அடுத்த அட்டையை எடுப்பாள். அவ்வளவுதான். யாருடைய நோட்டையும் பார்த்து எழுத வேண்டியதில்லை.

பெற்றோர் அதிகம் சண்டைக்கு வந்தது ஏணிக்கு அல்ல, எழுத்துக்கு. தமிழ் அட்டைகள் அ, ஆ, இ என்று தொடங்கவில்லை. ட, ப, ம போன்ற எழுத எளிதான எழுத்துகளில் தொடங்கின. "அ-னா ஆவன்னா தெரியாம என்ன படிப்பு?" என்று தாத்தாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான், மணலில் விரல் பிடித்து அ எழுதி வளர்ந்த ஊர் இது. ஆனால் ஐந்து வயதுக் கையால் 'அ' போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனை வளைவு, எத்தனை சுழி! 'ட' இரண்டு கோடு, 'ப' மூன்று கோடு. இந்த மூன்று எழுத்தோடு ஒரு புள்ளி வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் என்று சொற்களையே படித்துவிடலாம். பள்ளிக்கு வந்த சில நாளில் ஒரு பிள்ளை 'பட்டம்' என்று தானாகப் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அதற்குப் பிறகு அதைப் பள்ளிக்கு இழுத்து வர வேண்டியதில்லை.

இப்போது கெட்ட செய்தி. ரிஷிவேலியில் ஒரு சில பள்ளிகளில் வளர்ந்த ஒன்று 37,000 பள்ளிக்குப் போகும்போது எல்லாம் ஒரே வேகத்தில் பயணம் செய்யாது. அட்டைப் பெட்டி லாரியில் ஏறினால் ஊருக்குப் போய்விடும். ஆசிரியரின் மனசு அப்படி லாரியில் ஏறாது. ஒரு பள்ளிக்குப் போனேன், வகுப்பு பளிச்சென்று இருந்தது. அட்டைகளைக் காணோம். பூட்டிய பீரோவைக் காட்டினார் தலைமையாசிரியர். "கிழிஞ்சு தொலைஞ்சா தணிக்கைல யாரு சார் பதில் சொல்றது? இருப்புப் பதிவேட்டுல ஏத்தியிருக்கேன்." அவர் சொன்னதில் பொய் இல்லை. அட்டை தொலைந்தால் கேட்பார்கள், பிள்ளைக்குக் கழித்தல் வரவில்லையென்றால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். இன்னொரு பள்ளியில் ஏணியில் எல்லாப் பிள்ளையும் ஒரே படியில் நின்றார்கள். மாத அறிக்கையில் 'எத்தனை மைல்கல் முடிந்தது' என்று கேட்கிறார்களாம், அதனால் டீச்சர் எல்லாரையும் சேர்த்தே ஏற்றிவிட்டார். ஏணி இருந்தது, ஆனால் நாள்காட்டியாக மாறியிருந்தது.

எங்கள் மேலும் தப்பு உண்டு. பயிற்றுநர்களில் பாதிப்பேர், நான் உட்பட, பள்ளிக்குப் போனால் முதலில் பார்த்தது கம்பிப் பந்தல் கட்டியாச்சா, பெயின்ட் அடிச்சாச்சா என்பதைத்தான். அதைப் படிவத்தில் டிக் அடிக்கலாம். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்ப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

இந்த முறையால் பிள்ளைகள் உண்மையிலேயே நன்றாகப் படித்தார்களா? பயம் போனது, வகுப்பில் பேச்சு வந்தது, பின்தங்கிய பிள்ளைக்கும் கையில் வேலை இருந்தது. இதை நான் கண்ணால் பார்த்தேன். அதே ஆண்டுகளில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நாடு முழுக்க வீடுவீடாக எடுக்கும் ஏசர் கணக்கெடுப்பில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்கும் அளவில் தமிழ்நாடு அகில இந்திய சராசரிக்குக் கீழே இருந்தது. அதற்கு முறைதான் காரணமா, முறை சரியாக நடக்காதது காரணமா என்று சண்டை நடந்தது. என் கட்சி இரண்டாவது. ஆனால் முறையின் பக்கத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. அட்டையும் பிள்ளையும் தனியாக இருக்கும் நேரம் கூடிப்போனால், வகுப்பு மொத்தமும் சேர்ந்து ஒரு கதை கேட்பது, ஒரு கணக்கைப் பற்றி வாய்ச்சண்டை போடுவது குறைந்துபோகும். படிக்கக் கற்றுக்கொள்வதற்கு நிறையக் கேட்கவும் வேண்டும், நிறையப் பேசவும் வேண்டும்.

2012-இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது பாடப்புத்தகம் மறுபடி நடுவே வந்து உட்கார்ந்தது, செயல்வழிக் கற்றல் எளிமைப்படுத்தப்பட்டது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியது. அதில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்துப் பாடம் நடக்கிறது. ஏணியில் பல படி இருந்த இடத்தில் இப்போது மூன்று படி. ஓர் ஆசிரியர் கையாளக்கூடிய எண்ணிக்கை என்று பார்த்தால் இது புத்திசாலித்தனமான குறைப்பு என்றே நினைக்கிறேன். பெயர்களும் அழகு. 'மக்கு' என்று சொல்லாமல் அரும்பு என்று சொல்ல முடிவது சின்ன விஷயமில்லை.

அதே ரிஷிவேலி விதை வேறு மண்ணிலும் முளைத்தது. கர்நாடகத்தில் 1995-இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டை தாலுக்காவில் 'நலி கலி' தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்கப் போனது. 'ஆடிக் கற்போம்' என்பது போல அர்த்தம். குஜராத்தில் 2010-இல் 'பிரக்ஞா'. கடல் கடந்து பார்த்தால் கொலம்பியாவில் விக்கி கோல்பெர்ட் 1970-களிலேயே 'எஸ்குவெலா நுவேவா' என்று, அதாவது புதிய பள்ளி என்று, கிராமத்து ஓராசிரியர் பள்ளிகளுக்காக இதே போன்ற ஒன்றைத் தொடங்கினார். அட்டைக்குப் பதில் கற்றல் கையேடு. அரசு மாறினாலும் வேலை நிற்காமல் இருக்க 1987-இல் அதற்கென்று தனி அறக்கட்டளையையும் அமைத்தார். ஆந்திராவுக்கும் கொலம்பியாவுக்கும் ஒரே மருந்து ஏன் பொருந்தியது? இரண்டு இடத்திலும் நோய் ஒன்று: ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வகுப்பு, அறுவடைக்குப் போகும் பிள்ளைகள். கொலம்பியாவில் கூடுதலாக ஒன்று உண்டு. பிள்ளைகளே தேர்தல் வைத்துப் பள்ளிக்கு ஒரு மாணவர் அரசை நடத்துவார்கள். பிள்ளையை முழுசாகப் பார்ப்பது என்றால் அதற்கும் ஒரு வாக்கு உண்டு என்று ஒப்புக்கொள்வதும்தான்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நிறுவனம் வருகிறது, நீங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர் என்று வைத்துக்கொள்வோம். புதுக் கட்டடமும் டிவியும் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் எங்கள் ஆசிரியரை வேறொரு நடக்கும் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் காட்டுவீர்களா, பயிற்சி முடிந்தபின் வருஷத்தில் எத்தனை நாள் வகுப்புக்குள் வந்து உட்காருவீர்கள், பொருள் கிழிந்தால் மாற்றுப் பொருள் யார் தருவது, உங்கள் திட்டம் மூன்று வருஷத்தில் முடிந்தால் நாலாம் வருஷம் என்ன ஆகும் என்று கேளுங்கள். "எங்கள் பொருளை வாங்கினால் போதும்" என்பவரைவிட, "முதல் வருஷம் உங்கள் ஆசிரியரோடு சேர்ந்து தயாரிப்போம்" என்பவரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

பொருள் வந்து, பயிற்சி முடிந்து, சுவரெல்லாம் படம் ஒட்டியபிறகு ஒருநாள் முன்னறிவிப்பு இல்லாமல் வகுப்புக்குப் போங்கள். பொங்கல் விடுமுறை முடிந்து ஒரு வாரம் ஆன நாள் என்றால் ரொம்ப வசதி, யாராவது ஒரு பிள்ளை அன்றைக்குத்தான் ஊரிலிருந்து திரும்பியிருக்கும். டீச்சரிடம் வேறெதுவும் கேட்க வேண்டாம். "இன்னைக்கு வந்த புள்ள எதுலேருந்து ஆரம்பிக்குதுங்க டீச்சர்?" என்று மட்டும் கேளுங்கள். அவர் பாடத்தின் பெயரைச் சொல்கிறாரா, அந்தப் பிள்ளையைக் கூப்பிடுகிறாரா என்று பாருங்கள்.